தண்ணீர் ஓடாத பைப்புக்குச் சணல்

முஸ்தபா தன் அண்ணன் ரசாக்குக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். தொண்ணூற்றைந்தாம் வருஷம் வாங்கிய பணம். சுந்தராபுரத்தில் மரக்கடை வைக்க அட்வான்ஸுக்குப் பணம் போதவில்லை என்று போத்தனூரில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். ரசாக் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையோடு வந்து, எண்ணிக்கூடப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்தார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சாட்சி என்றால் கதவோரம் நின்ற ரசாக்கின் மனைவி பக்ருன்னிசா ஒருத்திதான். அந்தப் பணம் திரும்பி வரவில்லை. முஸ்தபா கொண்டு வராமல் இல்லை, இரண்டு தடவை கொண்டுவந்தார். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் ரசாக் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டும்.

நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அத்தா போத்தனூர் ஜங்ஷனில் சரக்கு இறக்கிய கூலி. அவர் மவுத்தானபோது வீட்டில் மிஞ்சியது ஒரு கயிற்றுக் கட்டிலும் இடுப்பில் தூக்குகிற வயசில் முஸ்தபாவும். ரசாக் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் நட்டு பொறுக்கினார், போல்ட் பொறுக்கினார். அங்கிருந்து பைப் இறக்கும் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார். அன்னூர்ப் பக்கம் கிணறெல்லாம் வற்றி, தோட்டத்துக்குத் தோட்டம் போர் போட்ட காலம் அது. குழிக்குள் மோட்டாரை இறக்க வேண்டும். இருபதடி பைப்போடு இன்னொரு இருபதடி பைப்பை மரை ஏற்றி முடுக்கி, இப்படியே முந்நூறு நானூறு அடி. நடுவில் ஒரு ஜாயிண்ட் நழுவினால் போதும், பைப்பும் மோட்டாரும் மொத்தமாகப் பாதாளத்துக்குப் போய்விடும். தோட்டக்காரன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ரசாக் இறக்கிய பைப் ஒன்றுகூட விழுந்ததில்லை. தண்ணீர் கசியாதபடி மரைக்கு மேல் சணலைப் பிரித்துச் சுற்றுவார், அதன் மேல் கெட்டிப் பெயிண்டைப் பூசுவார், பைப் ரிஞ்சைப் போட்டு மூச்சைப் பிடித்து ஒரு முடுக்கு முடுக்குவார். காய்ந்தால் கல். பன்னிரண்டு வருஷம் கழித்து மோட்டாரைத் தூக்கிய சென்னிமலை என்கிற தோட்டக்காரர், ஜாயிண்ட் கழலாமல் பைப்பை அறுத்தே எடுத்துவிட்டு, ஊர் நடுவில் நின்று சொன்னார்: “ரசாக் பாய் மாட்டுன பைப்ப எமன் வந்தாத்தானுங்க கழட்டோணும்!” இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட்டை எந்தக் காலேஜ் கொடுக்கும்? ரசாக் அந்த வார்த்தையைச் சாகும்வரை விடப்போவதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் டீ வருவதற்குள் அது வந்துவிடும்.

அந்தக் கையால்தான் போத்தனூரில் சொந்த வீடு கட்டினார். அந்தக் கையால்தான் தம்பியைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். மகளைப் பவானியில் கட்டிக் கொடுத்தார். சொந்தபந்தம் யாரிடமும் போய் நின்றதில்லை. இதெல்லாம் உண்மை. பிறகு பிளாஸ்டிக் பைப் வந்தது. பசை தடவி ஒட்டிவிட்டு நாலு மணிக்கெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு போகும் ஆட்கள் வந்தார்கள். அதை வேலை என்று ரசாக் ஒத்துக்கொண்டதே கிடையாது. ஒத்துக்கொள்ளாததால் வேலையும் வரவில்லை.

முஸ்தபா வளர்ந்தார். மரக்கடை, அப்புறம் மூடிப்போன மில்களின் கூரையைப் பிரித்துத் தேக்கு உத்தரங்களை ஏலம் எடுப்பது, அப்புறம் லாரி. ரசாக் பக்கம் காசு ஏறவில்லை. ஆனால் தம்பி எவ்வளவு உயர்ந்தாலும் தலை தூக்க முடியாதபடி அவரிடம் ஒன்று இருந்தது. அந்த முப்பத்தைந்தாயிரம்.

முதல் தடவை முஸ்தபா பணம் கொண்டுவந்தது, சுந்தராபுரத்து வீடு பால் காய்ச்சிய அன்று. சொந்தக்காரர்கள் முன்னால் கவரை நீட்டினார். ரசாக் அதைத் தொடக்கூட இல்லை. “அண்ணந் தம்பிக்குள்ள என்னடா கணக்கு? வெச்சுக்கடா!” என்றார். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் “மாஷா அல்லாஹ்” என்றார்கள். அந்தச் சத்தம் ரசாக்குக்கு அத்தர் பூசியதுபோல் ரொம்ப நாள் மணத்தது. இரண்டாம் தடவை, ரசாக் மகளின் நிக்காஹ்வுக்கு முந்தின வாரம். கையில் காசு சுத்தமாக இல்லை. பக்ருன்னிசா அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கெஞ்சினாள்.

“ஏனுங்க, நம்ம காசுதானுங்க. வாங்கிக்குங்க.”

“நீ சும்மா இரு. இப்ப வாங்குனா அவன் காசுல கல்யாணம் பண்ணுனான்னு சொல்லுவாங்க.”

திருப்பி அனுப்பிவிட்டு, பைனான்ஸில் வட்டிக்கு வாங்கித்தான் மகளை அனுப்பினார். வட்டி கட்டி முடிக்கப் பல வருஷம் ஆனது. பக்ருன்னிசா அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசாமலேயே எப்படிப் பேசுவது என்பது அவளுக்குத் தெரியும். மழை பெய்கிற நாளெல்லாம் ஓடு ஒழுகும் இடத்தில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

ரசாக்கோ போகிற விசேஷத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “முஸ்தபா கடையில மொதக் கட்டை என்ற காசு. இன்னும் வரல, வராட்டிப் போச்சாது.” முஸ்தபா பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்து சிரிப்பார். குனிகிற அந்தத் தலைக்கு ரசாக் முப்பத்தைந்தாயிரம் என்ன, மூன்று லட்சம்கூட விட்டுக்கொடுத்திருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் மேசை வந்தது.

முஸ்தபாவின் மகன் ஷாநவாஸும் அவன் மனைவி சமீராவும் சரவணம்பட்டியில் வாடகைப் பிளாட்டில் இருந்தார்கள். சமீராவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. போனில் ஒரு படம் பார்த்தாள். கறுப்பு இரும்புப் பைப், அதில் கோத்த மரப் பலகைகள், நடுவில் மேசை, இரண்டு பக்கமும் மேலே வரை அலமாரித் தட்டுகள். கடையில் கேட்டால் தொண்ணூறாயிரம் என்றார்கள். முஸ்தபா சிரித்தார். “பலகை என்ற கடையில இருக்குது. பைப்புன்னா எங்கண்ணன். தொண்ணூறு எதுக்கு?”

ரசாக் மரை வெட்டுகிற டை செட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். பலகைகள் பழைய மில் உத்தரத்திலிருந்து அறுத்தவை. நல்ல பர்மாத் தேக்கு, ஆணித் துளைகள் அப்படியே கறுத்து நின்றன. ரசாக் சுவரை அளந்தார், படத்தைப் பார்த்தார், “இது என்ன, பொம்மை வேலை” என்றார்.

சமீரா டீ கொண்டுவந்து வைத்தாள். “பெரியத்தா, ஒன்னே ஒன்னுங்க. அடுத்த வருசம் சுந்தராபுரத்துல மாடி கட்டி முடிச்சதும் அங்க போயிருவோம். கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கோணும்ங்க. அதுக்குத்தான் நான் பைப்புல கேட்டது.”

“ஆகட்டும் அம்மணி. மரை ஏத்துனா எறக்கத் தெரியாதா?”

வாசல் பால்கனியில் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸைக் கட்டி, அளவுக்கு வெட்டி மரை போட்டார். இந்த வயசிலும் டை கைப்பிடியை இழுக்கும்போது தோள் ஒரு சுற்றுக்கூட இடறவில்லை. பக்கத்துப் பிளாட்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் சென்னிமலை சொன்னது சொல்லப்பட்டது. பலகையில் பைப் நுழையத் துளை போட்டு, தரையிலிருந்து பைப் எழும்பி, பலகையைத் துளைத்து, அடுத்த பலகைக்குக் கீழே மூன்று வாய் உள்ள ஒரு டீ ஜாயிண்ட், அதிலிருந்து சுவருக்கு ஒரு கை. இப்படி அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போனார்.

முதல் ஜாயிண்டை மாட்டுமுன் பையிலிருந்து ஒரு பிடி சணலை எடுத்தார். பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். சமீரா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள்.

“பெரியத்தா, இதுல தண்ணி போகாதுங்களே. சணல் எதுக்குங்க?”

“சணல் சுத்தாம மாட்டுறது பைப்பா அம்மணி? சட்டை போடாம மாப்பிள்ளை வந்த மாதிரி!”

“இல்லீங்க, அப்புறம் கழட்ட வராதுல்லீங்க?”

ரசாக் ஷாநவாஸைப் பார்த்தார். “ஏன்டா, உன்ற சம்சாரம் கம்ப்யூட்டர்லயே பைப்பு மாட்டிப்போடுவா போலிருக்குது. நான் எதுக்கு ரெண்டு பஸ் ஏறி வந்தேன்?”

ஷாநவாஸ் சிரித்தான். சமீராவும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ரசாக்கின் கை அதற்குள் சணலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் யோசித்துச் செய்ததில்லை. நாற்பது வருஷமாக மரையைக் கண்டால் அந்தக் கை சணலைத் தேடும். சணல் இல்லாமல் மாட்டச் சொன்னால், அவருக்கு உடம்பெல்லாம் கூசியிருக்கும். ஒவ்வொரு டீக்கும், ஒவ்வொரு எல்போ வளைவுக்கும், சுவரில் பதித்த பிளாஞ்சுத் தட்டுக்கும் சணல், பெயிண்ட், மூச்சைப் பிடித்து ஒரு முடுக்கு.

நாலாம் நாள் முடிந்தது. மேசை மேல் ஏறி உட்கார்ந்தார். ஷாநவாஸையும் ஏறச் சொன்னார்.

“ஆடுதாடா?”

“ஆடலீங்க பெரியத்தா.”

“ஆனையக் கொண்டாந்து கட்டு. ஆடாது.”

ஷாநவாஸ் கவரை நீட்டினான். ரசாக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “உங்கத்தா கிட்டயே நான் வாங்கலடா. உன்ற கிட்டயா வாங்குவேன்?”

அந்த மேசை பேர் வாங்கியது. சமீரா வீடியோவில் பேசும்போது பின்னால் தெரியும் தட்டுகளைப் பார்த்து, பெங்களூர்க்காரர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். ரசாக்குக்கு இது போதாதா? மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிவிடுவார். வந்து, துண்டால் பைப்பைத் துடைத்து, தட்டிப் பார்த்துவிட்டு உட்காருவார். ஒரு நாள் சமீராவுடன் வேலை பார்க்கும் சைத்ரா என்ற பெண் வந்திருந்தாள். “அங்கிள், சூப்பரா பண்ணியிருக்கீங்க” என்றாள். ரசாக் அன்னூரில் தொடங்கினார். போர்க் குழி, சென்னிமலை, எமன் எல்லாம் வந்து, கடைசியில் அந்தக் கடனில் வந்து நின்றார்.

“இந்த மேசையும் என்ற கை, கண்ணு. இவங்க மாமனார் கடையும் என்ற காசு. முப்பத்தஞ்சாயிரம். இன்னிக்கு வரைக்கும் வரல. நான் கேக்க மாட்டேன்.”

சைத்ரா குனிந்து டீயைக் குடித்தாள். சமீரா முகம் சுண்டிப் போய்விட்டது. அந்த வாரக் கடைசியில் சுந்தராபுரம் போனவள் முஸ்தபாவிடம் நேராகக் கேட்டாள்: “மாமா, நெசமாலுமே பெரியத்தாவுக்குக் குடுக்கலீங்களா?”

முஸ்தபா அன்று தலை குனியவில்லை, சிரிக்கவும் இல்லை. சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். ஊரார் முன்னால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குனிந்தவர். மருமகள் முன்னால் குனிய முடியவில்லை.

அடுத்த வருஷம் மாடி முடிந்தது. சாமான் மாற்றும் நாளில் இரண்டு ஆட்கள் வேனோடு வந்தார்கள். பீரோ இறங்கியது, கட்டில் இறங்கியது. மேசையிடம் வந்ததும் நின்றது. ரிஞ்சைப் போட்டார்கள், அசையவில்லை. இரண்டு ரிஞ்சைப் போட்டு எதிரெதிராகத் திருப்பியதில் ஒரு டீ விரிசல் விட்டதே தவிர மரை சுற்றவில்லை. சுவரிலிருந்து மொத்தமாகப் பெயர்த்தால், வாசலில் நுழையாது. பைப்பைக் கழற்றாமல் பலகையை உருவவும் வழியில்லை. ஷாநவாஸ் அத்தாவுக்குப் போன் போட்டான். முஸ்தபா அண்ணனுக்குப் போட்டார்.

ரசாக் பக்ருன்னிசாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பெரிய ரிஞ்சு. முஸ்தபாவும் காரில் வந்திருந்தார். மேஸ்திரிக்குப் பாக்கி செட்டில் செய்யப் பணத்தோடு கிளம்பியவர், நேராக இங்கே வந்துவிட்டார்.

“தள்ளுங்கப்பா” என்று ரசாக் ஆட்களை ஒதுக்கினார். “மாட்டுனவனுக்குக் கழட்டத் தெரியாதா?”

ரிஞ்சைக் கடிக்கவிட்டு இழுத்தார். வரவில்லை. ரிஞ்சின் கைப்பிடியில் ஒரு நீளப் பைப்பைச் சொருகி, காலைச் சுவருக்கு உதைத்து இழுத்தார். சுவரில் பிளாஞ்சு காரையோடு பிய்ந்து வந்ததே தவிர, மரை ஒரு நூல் திரும்பவில்லை. தீ வைத்து இளக்கலாம் என்றார். பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து தீ ஊதும் கேஸ் டார்ச்சை வாங்கிவந்து ஜாயிண்டைக் காய்ச்சினார். பெயிண்ட் கருகி நாறியது. தேக்குப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு விழுந்தது. சமீரா ஜன்னலைத் திறந்துவிட்டாள். ரசாக்கின் தோள் இப்போது இடறியது. ரிஞ்சு நழுவி விரல் முட்டியில் பட்டு, ரத்தம் பெயிண்டோடு கலந்து வழிந்தது.

அவர்தான் மாட்டியவர் என்று சரியாகக் காதில் வாங்காத வேன்காரர் ஒருவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “யாருங்க இத மாட்டுன புண்ணியவான்? ஆனை கட்டவா மாட்டுனாரு?”

 ஷாநவாஸ் வேன்காரரின் கையைப் பிடித்து அழுத்தினான்.

“பரவால்லீங்க பெரியத்தா” என்றாள் சமீரா. மெதுவாகத்தான் சொன்னாள். “உடுங்க, கையெல்லாம் அடிபடுது. அங்க போய் வேற செஞ்சுக்கலாம்.”

அன்று கேட்டாளே, சணல் எதுக்கு என்று, அதை அவள் திருப்பிச் சொல்லியிருந்தால்கூட ரசாக் தாங்கியிருப்பார். எதிர்த்துப் பேச ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் சொல்லவே இல்லை.

“அண்ணே, உட்டுருங்க” என்றார் முஸ்தபா. “கிரைண்டர்ல அறுத்துப்போடலாம்.”

“என்னடா அறுக்கிறது? யாரு வேலைய யாரு அறுக்கிறது?” ரசாக் ரிஞ்சைத் தரையில் போட்டார். டைல்ஸ் விரிசல் விட்டது. “எல்லாரும் வேடிக்கை பாக்குறீங்களா? டேய் முஸ்தபா, நீ சொல்றியா எனக்கு? என்ற முப்பத்தஞ்சாயிரம் இல்லீன்னா நீ இன்னிக்குக் கார்ல வந்து எறங்கியிருப்பியாடா? இவ உட்கார்ந்து தட்டுறதுக்கு மேசை ஏதுடா?”

வேன்காரர்கள் கயிற்றைச் சுருட்டுவதுபோல் கீழே பார்த்துக்கொண்டார்கள். முஸ்தபா அண்ணனை நேராகப் பார்த்தார். தலை நிமிர்ந்தே இருந்தது. மேஸ்திரிக்கென்று வைத்திருந்த பையைத் திறந்தார்.

“கையை நீட்டுங்கண்ணே.”

“என்னடா?”

“ரெண்டு தடவை கொண்டாந்தேன். ரெண்டு தடவையும் நாலு பேரு முன்னால வேண்டாம்னீங்க. நானும் உட்டுப்போட்டேன், தப்பு என்ற மேலதான். இப்பவும் வேண்டாம்னா சொல்லுங்க, உள்ள வெச்சுக்கிறேன். ஆனா வேண்டாம்னு சொல்லிப்போட்டு இனி ஒரு எடத்துல, ஒரு ஆளுகிட்ட, இந்தப் பேச்ச நீங்க எடுக்கக் கூடாதுங்க. ரெண்டுல ஒன்னு. இப்பவே.”

ரசாக் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் இது. அந்த வார்த்தை அவருக்கு நன்றாகப் பழகியதுதான். ஆனால் சொன்னால், இனி எந்தப் பந்தியில் எதைச் சொல்வது? எந்த முகத்தோடு தம்பி வீட்டில் முதல் நாற்காலியில் போய் உட்காருவது? வாங்கினாலும் அதே கதைதான். வட்டி கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வட்டி வாங்காதவன் என்று ஊரெல்லாம் சொன்னதும் அவர்தானே. அன்றைக்கு அந்தப் பணத்துக்குப் போத்தனூரில் மனை வாங்கியிருக்கலாம். இன்றைக்கு இந்த மேசையின் பைப்பும் பிட்டிங்கும் பலகையும் வாங்கக்கூடப் பற்றாது.

கதவருகில் நின்ற பக்ருன்னிசாவைப் பார்த்தார். சாட்சி அவள் ஒருத்திதான். ஏதாவது சொல்வாள், தம்பியை அதட்டுவாள், ‘உங்கண்ணன் கிட்ட இப்படிப் பேசலாமா’ என்பாள் என்று பார்த்தார்.

“ஏனுங்க” என்றாள் பக்ருன்னிசா. “கையை நீட்டுங்க.”

ஜாயிண்டைக் காய்ச்சியபோது பிய்ந்து வந்த சணல் துணுக்குகள் விரலிடுக்கில் ஒட்டியிருந்தன. உள்ளங்கை கரியும் பெயிண்டும். ரசாக் அதைத் துண்டில் துடைக்கக்கூட இல்லை. அப்படியே நீட்டினார்.

முஸ்தபா ஐந்நூறு ரூபாய்க் கட்டைப் பிரித்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி வைத்தார். ஷாநவாஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பாதி எண்ணும்போது வேன்காரர் கிரைண்டரைப் போட்டுவிட்டார், பைப்பிலிருந்து பொறி பறந்தது. சத்தத்தில் முஸ்தபாவின் குரல் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ரசாக் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கை கனத்துத் தாழத் தாழ, பக்ருன்னிசா வந்து அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். எழுபதாவது நோட்டை முஸ்தபா மேலே வைத்து, காற்றில் பறக்காமல் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.